வீராங்கனையின் படம் யாருக்குச் சொந்தம்?

தாம்பரத்தைச் சுற்றி விரிந்து கிடக்கும் புறநகர்களில், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிகளின் நடமாட்டம் தொடங்காத ஏதாவதோர் அகலமான சாலையிலோ பள்ளிக்கூடத்து மைதானத்திலோ, ஸ்கேட்டிங் வகுப்பு நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக நட்டுவிட்டு மாஸ்டர் விசில் ஊதுவார். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டி, ஹெல்மெட்டின் வார் மோவாயில் அழுந்த, ஆறு வயதும் எட்டு வயதுமான குழந்தைகள் முதுகை வளைத்துக்கொண்டு கூம்புகளுக்கு இடையே நெளிந்து வருவார்கள். தாய்மார் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலும் மறு கையில் போனுமாக ஓரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சற்று நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமல் போகாது. சிறு குழந்தைகளில் பெண்ணும் ஆணும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்க, பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களில் பெண்கள் அருகிப் போயிருப்பார்கள். காரணம் கேட்டால், படிப்பு, டியூஷன், பத்தாம் வகுப்பு என்று பல சொல்லப்படும். ஆனால் ஒரு தாயார் மாஸ்டரிடம் தணிந்த குரலில், "பெரிய பொண்ணாயிட்டா மாஸ்டர், இனிமே இந்த டிரஸ்ஸெல்லாம் போட்டுக்கிட்டு ரோட்ல வந்தா சரிப்படாது, ஆளாளுக்கு போட்டோ எடுக்கறாங்க" என்று சொன்னதைக் கேட்டபோது, மற்றக் காரணங்களுக்கெல்லாம் அடியில் கிடக்கும் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றிற்று.

அந்தத் தாயாரின் அச்சத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. விளையாடும் பெண்ணின் உடலை யார் பார்ப்பது, யார் படம் பிடிப்பது, அந்தப் படத்தை யார் எந்த நோக்கத்தோடு பிரசுரிப்பது என்னும் கேள்வி, உலகத்தின் மிகப் பெரிய அரங்குகளில் ஆடிய வீராங்கனைகளையும் விடாமல் துரத்திவந்திருக்கிறது. அவ்வாறு துரத்தப்பட்டவர்களுள் தலையாயவர் என்று சொல்லத் தக்கவர், பனிச்சறுக்கு நடனத்தில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மானியப் பெண்மணி காத்தரீனா விட்.

1965-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, அந்நாளில் கிழக்கு ஜெர்மனி என்று வழங்கிய தேசத்தில் பிறந்த விட், கார்ல் மார்க்ஸ் நகரம் என்று அப்போது பெயர் சூட்டப்பட்டிருந்த கெம்னிட்ஸில் வளர்ந்து, யூட்டா முல்லர் என்ற கண்டிப்பு மிகுந்த ஆசிரியையிடம் அப்பியாசம் பெற்றவர். 1983 முதல் 1988 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஐரோப்பிய சாம்பியன். 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலக சாம்பியன். 1984-இல் சாராயேவோவிலும் 1988-இல் கல்காரியிலும் ஒலிம்பிக் தங்கம். இந்த ஆட்டத்தில் ஒரு பெண் தன் ஒலிம்பிக் பட்டத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் காத்துக்கொண்டது, 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் வென்ற நார்வேயின் சோன்யா ஹெனிக்குப் பிறகு அதுவே முதல் தடவை. ஹெனியும் தம் காலத்தில் குட்டைப் பாவாடையால் பேச்சுக்கு இடமானவர்தாம். பின்னர் ஹாலிவுட் திரைப்படங்களில் நட்சத்திரமாகவே ஆனவர்.

அந்நாளில் மதிப்பெண் வழங்கிய முறையைச் சிறிது தெரிந்துகொண்டால்தான், படம் பற்றிய விவகாரம் ஏன் இந்த விளையாட்டிலேயே இவ்வளவு உக்கிரமாக எழுந்தது என்பது விளங்கும். போட்டி மூன்று பகுதிகளாக நடக்கும். முதலாவது, சுத்தமான பனித்தரையில் காலணியின் கத்தி விளிம்பால் எட்டு என்ற எண்ணைப் போன்ற வட்டங்களை வரைந்து, அதே தடத்தின்மேல் பிசகாமல் திரும்பத் திரும்பச் செல்லும் கட்டாயக் கோலப் பகுதி. நடுவர்கள் குனிந்து அந்தத் தடத்தைப் பரிசோதிப்பார்கள். கூட்டமும் இராது, கைதட்டலும் இராது. ஆயினும் மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது பங்கு அதற்கே உரியதாயிருந்தது. இரண்டாவது, குறித்த தாவல்களையும் சுழற்சிகளையும் உள்ளடக்கிய குறு நடனம். மூன்றாவது, நான்கு நிமிஷங்கள் நீளும் சுதந்திர நடனம். இவ்விரண்டிலும் நடுவர்கள் ஆறு என்பதை உச்சமாகக் கொண்டு இருவகை மதிப்பெண் இடுவார்கள்: ஒன்று வித்தையின் நுட்பத்துக்கு, மற்றொன்று கலையழகுக்கு. ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. நீளத் தாண்டுதலில் நாடா தீர்ப்புச் சொல்கிறது. இங்கேயோ ஆடையும் முகபாவமும் இசையும் தோற்றமும் எல்லாம் கலந்து நடுவரின் மனத்தில் விளையும் அபிப்பிராயமே பாதித் தீர்ப்பு. ஆகவே, சௌந்தரியத்தை ஆட்டத்துக்கு அந்நியமான பொருள் என்று ஒதுக்கிவிட இந்த விளையாட்டில் எவருக்கும் வழியில்லை. விட் அதை நன்கு அறிந்திருந்தார். கோலப் பகுதியில் மற்றவர்களை விஞ்சும் வல்லமை அவருக்கு இல்லாதிருந்தும், அரங்கத்தைக் கண்ணால் கட்டிப்போடும் ஆற்றலால் அந்தக் குறையை ஈடு செய்துகொண்டார்.

1988-ஆம் ஆண்டு கல்காரியில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் டெபி தாமஸும் கிழக்கு ஜெர்மனியின் விட்டும், ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளாமலே, பிஸே இயற்றிய 'கார்மென்' இசைநாடகத்தின் இசையையே சுதந்திர நடனத்துக்குத் தேர்ந்துகொண்டிருந்தார்கள். கறுப்பும் சிவப்புமான உடையில் வந்த விட், இறுதியில் கார்மென் கத்திக்குத்துண்டு மாண்டதைக் காட்டப் பனித்தரையிலேயே சாய்ந்து கிடந்து நடனத்தை முடித்தார். அன்றைய சுதந்திர நடனத்தில் உண்மையில் முதலிடம் பெற்றவர் கனடாவின் எலிசபெத் மான்லி. ஆயினும் மூன்று பகுதிகளையும் கூட்டியபோது தங்கம் விட்டுக்கும், வெள்ளி மான்லிக்கும், வெண்கலம் டெபி தாமஸுக்கும் போயின. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் டெபி தாமஸ் என்பது, இந்தக் கார்மென் ஆரவாரத்தில் மறைந்துபோகக் கூடாத செய்தி.

அதே ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய சாம்பியன் போட்டியில் விட் அணிந்துவந்த உடை, இடுப்பைச் சுற்றி இறகுகள் மட்டும் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு முணுமுணுப்பு எழுந்தது; பெண்கள் இடுப்பையும் பிருஷ்டத்தையும் மறைக்கும் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஒரு விதியை ஏற்படுத்திற்று. 'காத்தரீனா விதி' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. பெண்கள் விரும்பினால் கால்சட்டையும் அணியலாம் என்ற அனுமதி, அதன் பிறகு பல ஆண்டுகள் கழித்து, 2004-இல்தான் வந்தது. ஒரு பெண்ணுக்கு அங்கம் தெரியும்படி ஆடவும் உரிமை இல்லை, காலை முழுவதும் மூடிக்கொண்டு ஆடவும் உரிமை இல்லை என்று இருந்த அந்த இடைப்பட்ட காலத்தை எண்ணிப் பார்த்தால், விதி இயற்றியவர்களின் கவலை ஒழுக்கத்தைப் பற்றியது மட்டுமன்று, அவளுடைய தோற்றத்தைத் தாங்களே நிர்ணயிக்க வேண்டும் என்பதும்தான் என்று தெரியவரும்.

கிழக்கு ஜெர்மானிய அரசாங்கமும் அவர் தோற்றத்தைத் தன் உடைமையாகவே பாவித்தது. சோஷலிசத்தின் மிக அழகிய முகம் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதியபோது அந்த அரசாங்கம் உள்ளம் குளிர்ந்தது. அதே சமயத்தில், அதன் இரகசியப் போலீஸாகிய ஸ்டாஸி, அவர் சிறுமியாயிருந்த காலத்திலிருந்தே அவரைக் கண்காணித்துக் கோப்புக் கோப்பாகக் குறிப்பெழுதி வைத்திருந்தது. பெர்லின் சுவர் இடிந்த பிறகு அந்தக் கோப்புகளைப் படித்துப் பார்த்தபோதுதான், தம் அந்தரங்கம் எவ்வளவு தூரம் பிறர் கையில் இருந்திருக்கிறது என்பதை அவர் முழுமையாக அறிந்தார்.

1994-இல், இருபத்தெட்டு வயதில், தொழில்முறை ஆட்டக்காரர்களும் திரும்பி வரலாம் என்ற புதிய விதியைப் பயன்படுத்திக்கொண்டு லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் மீண்டும் ஆடினார். பத்தாண்டுகளுக்கு முன் தமக்குத் தங்கம் தந்த சாராயேவோ அப்போது முற்றுகையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த நகரத்துக்கு அஞ்சலியாக, போரில் மாண்டவர்களைப் பற்றிய ஒரு பழைய பாட்டின் இசைக்கு ஆடினார், கிடைத்தது ஏழாமிடம். அவர் ஆட்டங்களிலெல்லாம் என் மனத்தை மிகவும் தொட்டது, பதக்கமில்லாத அந்த ஆட்டம்தான். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் மூன்று சுற்றுத் தாவல்களைச் சரளமாகப் போட்டுக்கொண்டிருந்த அரங்கத்தில், அத்தாவல்களில் அவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாதென்று தெரிந்தே, சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் வந்து ஆடிய துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

அப்படிப்பட்டவர்தாம், 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து 'பிளேபாய்' பத்திரிகையில் ஆடையின்றித் தோன்றினார். அந்த இதழ் கடைகளில் ஒரு பிரதிகூட மிச்சமின்றி விற்றுப்போனதாகவும், மர்லின் மன்றோ தோன்றிய 1953-ஆம் ஆண்டு முதல் இதழுக்குப் பிறகு அவ்வாறு விற்றுத் தீர்ந்தது அதுவே என்றும் சொல்லுகிறார்கள். நம் நாட்டில் சட்டப்படி விற்பனைக்கே வராத பத்திரிகை அது. நம்முள் பெரும்பாலோர் அதைப் பற்றிச் செய்தியாகப் படித்ததோடு சரி. ஆயினும், அந்தச் செய்தியைப் படித்து முகம் சுளித்தவர்கள், அவர் போட்டிகளையெல்லாம் முடித்துவிட்ட முப்பத்து மூன்று வயதுப் பெண்மணி என்பதையும், அரசாங்கமும் சங்கமும் இரகசியப் போலீஸும் மாறி மாறி உரிமை கொண்டாடிய தம் உடலைப் பற்றித் தாமே ஒரு முடிவு எடுத்தார் என்பதையும் நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. அவ்விதப் பத்திரிகைகளை நான் ஆதரிக்கவில்லை. பெண்ணைக் காட்சிப் பொருளாக்கி விற்பதே அதன் வியாபாரம், இலாபமும் அதன் முதலாளிக்கே. ஆனால் பத்திரிகையின்மீது எனக்குள்ள குறையை, அதில் தோன்ற முடிவு செய்த பெண்ணின்மீது சுமத்த நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவு அவளுடையது என்று சொல்லும்போதே, அந்த முடிவு எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து அணியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1999-இல், சிட்னி ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருக்க, 'மட்டில்டாஸ்' என்றழைக்கப்படும் அந்த அணியை நாட்டில் அறிந்தவர்களே குறைவு. கையில் பணமும் இல்லை. நிதி திரட்டவும் ஜனங்களின் கவனத்தைத் திருப்பவும் வீராங்கனைகள் ஆடையின்றிப் படமெடுத்து நாள்காட்டி ஒன்றை வெளியிட்டார்கள். பரபரப்புக்குக் குறைவில்லை, பெயரும் பரவிற்று. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை என்பது மெய். ஆனால் பயணச் செலவுக்குப் பணமும் ஆட்டத்துக்குச் சம்பளமும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அந்த நாள்காட்டி வெளிவந்திருக்குமா? 2019-இல் ஆண்கள் அணிக்கு நிகரான ஊதிய ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. 2023-இல் தங்கள் மண்ணிலேயே நடந்த உலகக் கோப்பையில் அவர்கள் அரையிறுதிவரை முன்னேறியபோது, தேசமே அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தது.

இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் இஎஸ்பிஎன் பத்திரிகை 2009 முதல் பத்தாண்டுக் காலம் ஆண்டுதோறும் ஓர் இதழை விளையாட்டு வீரர்களின் உடலுக்கென்றே ஒதுக்கி, ஆண்களையும் பெண்களையும், மறைக்க வேண்டியவை மறைந்திருக்கும் வகையில், ஆடையின்றிப் படம் பிடித்து வெளியிட்டது. முதல் இதழின் அட்டைகளுள் ஒன்றில் செரீனா வில்லியம்ஸ் இருந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயம். பார்வையைக் கவர்வது தசையின் முறுக்கும் வருஷக்கணக்கான பிரயாசையும். இதிலும் வியாபாரம் உண்டு. என்றாலும் எனக்கு இதுவும் 'பிளேபாயும்' ஒன்றாகத் தோன்றவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் வரலாற்றில், ஆபாசம் எது என்பதை நிர்ணயித்த ஒரு முக்கியமான தீர்ப்பு, ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் அட்டைப் படத்திலிருந்தே தோன்றியது என்பதைப் பலர் அறியார். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும், கறுப்பினத் தந்தைக்குப் பிறந்தவரும் அவருக்கு மணம் பேசப்பட்டிருந்தவருமான பார்பரா ஃபெல்டஸும் ஆடையின்றி நிற்கும் படம் ஒன்று, பார்பராவின் தந்தையே எடுத்தது, ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' பத்திரிகையில் வெளிவந்தது. நிறவெறியைக் கண்டிக்கும் கருத்தோடு அமைந்த அந்தப் படத்தை, 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட்' மறுபிரசுரம் செய்தது. அப்பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் முன்னாள் கிரிக்கெட் தலைவர் பட்டோடி. மறுநாள் 'ஆனந்த பஜார்' நாளிதழும் அதை வெளியிட, ஒரு வழக்கறிஞர் குற்ற வழக்குத் தொடுத்தார். வழக்கு இருபதாண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தப் படம் ஆபாசமன்று என்று தீர்ப்பளித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட பழைய அளவுகோலைக் கைவிட்டு, நிர்வாணம் என்ற ஒன்றனாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது, இக்காலச் சமுதாயத்தின் பொதுவான நோக்கில், அந்தப் படம் எந்தச் சூழலில் என்ன கருத்தைத் தெரிவிக்கிறது என்பதையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினார்கள். நீதிமன்றம் படத்தைத்தான் ஆராய்ந்தது. ஆடவரும் பெண்டிரும் கூடும் ஊர்ப் பேச்சிலோ, படத்தை விட்டுவிட்டுப் பெண்ணைத்தான் ஆராய்வார்கள்.

அதற்கு ஆடையின்மைகூட வேண்டியதில்லை என்பதை மிதாலி ராஜின் அனுபவம் காட்டுகிறது. தமிழ்க் குடும்பத்தில், காத்தரீனா விட் பிறந்த அதே டிசம்பர் 3-ஆம் தேதியில், 1982-ஆம் ஆண்டு ஜோத்பூரில் பிறந்த மிதாலியின் தந்தை துரைராஜ் விமானப்படையில் பணி புரிந்தவர். விமானப்படைத் தளத்தை அருகிலேயே கொண்ட தாம்பரத்துவாசிகளுக்கு, மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி கட்டிக்கொண்டு புறப்படும் அக்குடும்பங்களின் வாழ்க்கை புதிதன்று. பரதநாட்டியம் பயின்றுகொண்டிருந்த சிறுமி, மட்டையைப் பிடித்தாள். 1999-இல், பதினாறு வயதில், அயர்லாந்துக்கு எதிராக ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ரன். 2002-இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 214. 2022-இல் விடைபெற்றபோது 232 ஒருநாள் ஆட்டங்களில் 7805 ரன், பெண்கள் கிரிக்கெட்டில் உலகிலேயே மிக அதிகம். 2005-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அவர் தலைமையில் இறுதிவரை சென்ற அணியினருக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

2017-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒன்பது ரன்னில் உலகக் கோப்பை கைநழுவியபோது, தேசம் முதன்முறையாக அந்தப் பெண்களை நின்று பார்த்தது. போட்டி தொடங்கும் தறுவாயில், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்ட நிருபரிடம், ஆண் வீரரிடம் போய் உங்களுக்குப் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று மிதாலி திருப்பிக் கேட்டது பிரசித்தம். அந்தப் பாராட்டெல்லாம் ஓய்வதற்குள், சிநேகிதிகளோடு கையில்லாத சட்டை அணிந்து எடுத்துக்கொண்ட ஒரு சாதாரணப் படத்தை அவர் இணையத்தில் பகிர, முன்பின் அறியாதவர்கள் எல்லாம் அவருக்கு ஒழுக்கம் போதிக்க வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் 'வோக் இந்தியா' தன் பத்தாம் ஆண்டு நிறைவு இதழின் அட்டையில் அவரை வைத்தது. தொழில்முறை அலங்காரமும் விளக்கொளியும் அமைந்த அட்டைப் படத்துக்கு மரியாதை, சிநேகிதிகளோடு சிரித்து நின்ற படத்துக்கு ஏச்சு! மற்றவர்கள் அலங்கரித்து நிறுத்தினால் ஏற்றுக்கொள்ளும் கண்கள், அவளாகவே நின்றால் பொறுப்பதில்லை.

சம்மதம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அறிய, அது பறிக்கப்பட்டவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில தினங்களுக்குள், அவருடைய பாலினத்தைப் பற்றி ஒரு மருத்துவச் சோதனை செய்து, பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய அந்தச் சோதனைச் செய்தி, பெயரோடும் முகத்தோடும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் உலகமெங்கும் பரவிற்று. விட் தம் உடலைக் காட்டத் தாமே முடிவு செய்தார். சாந்தியின் உடலையோ அவரைக் கேளாமலே ஊர் முழுவதும் அலசிற்று. பெற்றோர் உழைத்த சூளையிலேயே தாமும் கூலி வேலைக்குப் போகும் நிலை அவருக்கு நேர்ந்தது. பின்னர்ப் போராடி, தமிழ்நாடு விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக வந்தார். ஆபாசம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடுகிறவர்கள், 1998-ஆம் ஆண்டு டிசம்பர் இதழைவிட, 2006-ஆம் ஆண்டு டிசம்பர்ச் செய்திகளைப் புரட்டிப் பார்ப்பது பொருத்தம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பல தலைமுறைகளாக நம் வார இதழ்களின் அட்டை சினிமா நடிகையர்க்கே உரியதாயிருந்துவருகிறது. வீராங்கனைக்கு இடம் கிடைக்கும்போதும், பதக்கத்தைப் பல்லால் கடிக்கும் படம் ஒன்று, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகத் தாயாரின் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று, இவ்வளவோடு முடிந்துவிடும். பட்டுப்புடவைப் படத்தில் தவறில்லை; அதை அவள் விரும்பி உடுத்தியிருக்கலாம். என் குறை என்னவென்றால், அவள் வேலை செய்யும்போது எப்படி இருப்பாள் என்பதை நாம் பார்ப்பதே இல்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற நால்வருள் இருவர், ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும், தமிழ்நாட்டுப் பெண்கள். சஞ்சனா பதுலாவும் ஹீரல் சாதுவும் மற்ற இருவர். வளைவில் திரும்பும்போது ஸ்கேட்டிங் வீராங்கனை உடலை உட்புறமாகச் சாய்த்து, இடக்கை தரையைத் தொட்டுவிடும்போல் தாழ, வலக்காலை இடக்காலுக்குக் குறுக்கே எடுத்து வைத்து உந்துகிற அந்த ஒரு கணத்தில், தொடையின் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது. உடலோடு ஒட்டிய அந்த உடை காற்றின் தடையைக் குறைப்பதற்காக இருக்கிறது, பார்ப்பவருக்காக இல்லை. அந்தக் கணத்தைப் பெரிதாக அச்சிட்டு, உடை ஏன் அப்படி, சாய்வு ஏன் அப்படி என்று இரண்டு பத்தி எழுதுகிற பத்திரிகை, மாடம்பாக்கத்துத் தாய்மார் பலருடைய கண்ணைப் பழக்கிவிடும்.

உடை விஷயத்தில் இரு திசையிலும் கொடுமை நடக்கிறது. 2005-இல் சானியா மிர்சாவின் டென்னிஸ் பாவாடை குட்டையாக இருக்கிறதென்று மதத்தின் பெயரால் கண்டனம் எழுந்தது. 2021-இல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகளுக்கு, பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்ததற்காக 1500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது; ஊர் சிரித்த பிறகே அவ்விதி மாற்றப்பட்டது. ஒரு சபைக்குத் துணி போதவில்லை, இன்னொரு சபைக்குத் துணி அதிகம். வேளச்சேரியில், 1995-ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட நீச்சல் வளாகத்தில், நம் புறநகர்ப் பெண்கள் எத்தனையோ பேர் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள். நீச்சலுடை காரணமாகவே பாதியில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. முழங்கால்வரை நீண்ட உடையும் இன்று போட்டிகளிலேயே அனுமதிக்கப்படுகிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவும், உடை மாற்றத் தனி அறையும், பெண் பயிற்சியாளரும், முன்பின் தெரியாதவர்கள் படம் பிடிக்கக் கூடாதென்ற கட்டுப்பாடும் ஏற்படுத்தவும் பெருஞ்செலவு ஆகாது. சாலையில் நடக்கும் ஸ்கேட்டிங் வகுப்புக்கு இவற்றுள் எதுவுமே இல்லை. மறைப்பில்லாத சாலைதான் அரங்கம் என்றால், அந்தத் தாயார் சொன்னதில் என்ன பிழை?

பணத்தின் பக்கம் சிறிது வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கிரிக்கெட் வாரியம், பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது: டெஸ்டுக்குப் 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய பெண்கள், அதை மைதானத்திலேயே மிதாலியின் கையிலும் கொடுத்தார்கள். மறுநாள் தலைவி ஹர்மன்பிரீத் கௌர், கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கும் தம் படத்தை வெளியிட்டார். கிரிக்கெட் கனவான்களின் ஆட்டம் என்பதில் 'கனவான்களின்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'எல்லோருடைய' என்று திருத்திய வாசகம் சட்டையில் இருந்தது. எந்தப் பத்திரிகையும் கேட்டு எடுத்த படமன்று அது.

ஆனால் இந்தச் சம ஊதியப் போராட்டத்தை நம் நாட்டில் தனியொருத்தியாக நின்று தொடங்கியவர்களுள் ஒருவர் சென்னைப் பெண் என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை. 1991-இல் சென்னையில் பிறந்த தீபிகா பள்ளிக்கல், இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடிய சூசன் இட்டிச்செரியாவின் மகள். ஸ்குவாஷில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் இந்தியப் பெண். பத்திரிகைகள் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் அழகைத்தான் முதலில் எழுதின. ஆட்டம் இரண்டாம் வரிக்குத் தள்ளப்பட்டது. அட்டைப் படத்துக்கு ஏற்ற முகம் என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தேசிய ஸ்குவாஷ் போட்டியில் பெண்கள் சாம்பியனுக்கு ஆண்கள் சாம்பியன் பெறுவதில் பாதிகூடக் கிடைக்காத நிலை இருந்தது. 2011-இல் பட்டம் வென்ற தீபிகா, பரிசுத் தொகை சமமாகும்வரை இந்தப் போட்டியில் ஆடுவதில்லை என்று சொல்லி விலகினார். 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகள் அவர் வரவில்லை. இளமையும் வேகமும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. விளையாட்டு வீராங்கனைக்கு அவ்வாண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. இடையில் 2014-இல், மற்றொரு சென்னைப் பெண்ணாகிய ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்று வந்தார். அப்போதும் தேசியப் போட்டிக்குத் திரும்பவில்லை. 2016-இல் இருபாலருக்கும் ஒரே பரிசுத் தொகை என்று அறிவிப்பு வந்த பிறகு களமிறங்கி, இறுதியாட்டத்தில் அதே ஜோஷ்னாவை வென்று பட்டத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார்.